பிறர் ஆக்கிய பொறியைத் திறத்தல்

ஆக்கலைப் பற்றி மெய்யியலாளர் சிந்தித்த அளவுக்குத் திருத்தலைப் பற்றிச் சிந்தித்தாரல்லர். தச்சனும் செம்மானும் நெசவாளனும் கிரேக்க மெய்யியல் நூல்களில் அடிக்கடி வந்து போகின்றனர். ஆயின் அவர்கள் பெரும்பாலும் கட்டிலையோ பாதணியையோ ஆடையையோ புதிதாகச் செய்பவராகவே வருகின்றனர். ஆடும் கட்டிற்காலைச் செம்மை செய்பவன் அங்குத் தோன்றுவது அருமை. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஆக்குவோன் தன் உள்ளத்தில் உள்ள வடிவத்தைப் பொருளில் ஏற்றுகின்றான். அவனுக்கு அவனுடைய கருத்தே அளவுகோல். திருத்துவோனோ வேறொருவர் கருத்தில் உருவாகி, வேறொருவர் கையிற் பழகி, காலத்தினாலோ கவனக்குறைவினாலோ பழுதுற்ற பொருளொன்றின் முன் அமர்ந்திருக்கின்றான். அவன் எதைச் செய்யினும் அது முன்னரே உள்ள ஒன்றன்மேற் செய்யப்படுவதாகும். ஆகவே ஆக்கற்றொழிலில் எழாத அறவியல் வினாவொன்று திருத்தற்றொழிலில் எழுகின்றது. பிறர் ஆக்கிய ஒன்றைத் திறப்பதற்கு ஒருவனுக்கு உரிமை தருவது யாது? அப்பொருள் அவனுக்கு உடைமையாயிருத்தலா, அவன் பெற்ற தொழிற்பயிற்சியா, அன்றி அதன்மீது அவன் கொண்ட அன்பா?

தொழில்முறைத் திருத்துநர் விடயத்தில் இவ்வினா கூர்மை பெறுவதில்லை. அவர் பயிற்சி பெற்றவர், கூலி பெறுபவர், பழுதைப் பெருக்கினால் அதற்குப் பொறுப்புக் கூற வேண்டியவர். உரிமையாளர் தாமாகவே பொருளை அவர் கையில் ஒப்படைக்கின்றார். வினா கூர்மை பெறுவது ஆர்வலர் விடயத்திலேயாம். ஆங்கிலத்தில் 'அமெச்சூர்' என வழங்கும் சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் அன்பு செய்தலைக் குறிப்பது. இன்றைய வழக்கில் அச்சொல் அரைகுறை அறிவினன் என்னும் இழிபொருளையும் ஏற்றுள்ளது. அன்பும் அரைகுறை அறிவும் ஒரே சொல்லில் வந்து தங்கியமை தற்செயலாயினும், ஆர்வலரின் நிலையை அது நன்றாகவே காட்டுகின்றது.

இவ்வினாவை ஆராய்வதற்குப் பொறிமுறைக் குரோனோகிராப் கைக்கடிகாரத்தின் இயங்குபொறி மிகவும் ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். குரோனோகிராப் என்பது நேரத்தைக் காட்டுவதோடு, வேண்டும்போது தொடக்கி, வேண்டும்போது நிறுத்தி, இடைப்பட்ட காலத்தை அளக்கவும் உதவும் மணிக்கூடு. 'காலத்தை எழுதுவது' என்பது அப்பெயரின் பொருள். நிக்கோலா ரியூசெக் என்பவர் 1821இல் பாரிசில் நடைபெற்ற குதிரைப் பந்தயத்திற் பயன்படுத்திய கருவி, சுழலும் முகப்பின்மீது மைத்துளியை இட்டு உண்மையாகவே காலத்தை எழுதிற்று. லூயி முவானே 1816இலேயே இத்தகைய அளவுகருவியொன்றை ஆக்கிவிட்டார் என்பது 2013இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. யார் முந்தியவர் என்னும் வழக்கு இங்கு வேண்டற்பாலதன்று.

சாதாரண கைக்கடிகாரத்தில் பிரதான வில்லின் விசை பற்சில்லுகள் சிலவற்றினூடாகச் சமநிலைச் சில்லைச் சென்றடைகின்றது. மயிரினும் மெல்லிய சுருள்வில்லொன்று அச்சில்லை முன்னும் பின்னும் ஆட வைக்கின்றது. பழைய குரோனோகிராப்புகளிற் பெரும்பாலானவை மணிக்கு 18,000 அடிப்புகளை உடையன. அஃதாவது செக்கனுக்கு ஐந்து. இவ்வியக்கத்தின் முதுகின்மீதே குரோனோகிராப்புக்குரிய பகுதி ஏற்றப்பட்டுள்ளது. நிமிடத்துக்கு ஒருமுறை சுழலும் சில்லின் அச்சில் மேலும் ஒரு சில்லு பொருத்தப்பட்டிருக்கும். பொத்தானை அழுத்தியதும் நெம்பொன்றிலுள்ள இணைப்புச் சில்லு அசைந்து, ஓடிக்கொண்டிருக்கும் அச்சில்லையும் ஓய்ந்திருக்கும் நடுச்சில்லையும் இணைத்துவிடும். மறுமுறை அழுத்தினால் விலகும். மற்றைய பொத்தானை அழுத்தினால் சிறு சம்மட்டிகள் இரண்டு இதய வடிவிலான தகடுகளின்மேல் வீழும். அவ்விதயம் எந்நிலையில் நின்றாலும் சம்மட்டியின் அழுத்தத்தால் வழுக்கி, தன் தாழ்ந்த பக்கத்திலேயே வந்து நிற்கும். முள்ளும் சுழியத்துக்கு மீளும். அடொல்ப் நிக்கோல் 1844இற் காப்புரிமை பெற்ற இந்த உத்தி இன்றுவரை மாறவில்லை. எங்கு நின்றாலும் தொடக்கத்துக்கு மீளும் ஆற்றலை ஓர் உலோகத் தகட்டின் விளிம்பு வளைவிலேயே வைத்தமை வியப்புக்குரியது.

ஆயின் இப்பொறியின் அறவியல் மையம் இதயத் தகட்டில் இல்லை. அதனினும் அற்பமாகத் தோன்றும் வேறோர் உறுப்பில் உள்ளது. இணைப்புச் சில்லின் பற்கள் நடுச்சில்லின் பற்களுக்குள் எவ்வளவு ஆழம் புகவேண்டும் என்பதை முடிவுசெய்வது மையம் விலகிய ஆணியொன்றாகும். பார்வைக்கு அது மற்றைய திருகாணிகளைப் போன்றதே. எனினும் அது எதனையும் இறுக்குவதில்லை. அதனைத் திருப்பும்போது அதன் உடல் ஒருபுறம் சாய்ந்து, நெம்பு நிற்கும் இடத்தை மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு அளவுகளில் மாற்றுகின்றது. பற்கள் அளவுக்கு மீறி ஆழ்ந்தால் உராய்வு மிகும்; சமநிலைச் சில்லின் வீச்சு குறையும்; பொத்தானை அழுத்தியதும் மணிக்கூடே நின்றுவிடவுங்கூடும். ஆழம் போதாவிடின் முள் துள்ளும், அல்லது இடையிடையே நகராது நிற்கும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வெளியில் அந்த ஆணியை நிறுத்தியவர், பெரும்பாலும் பெயர் தெரியாத தொழிலாளி ஒருவர். சுவிற்சர்லாந்தின் யூரா மலைப்பகுதியில், உருப்பெருக்கியைக் கண்ணிற் பொருத்தியவாறு, அந்தக் குறிப்பிட்ட பொறியின் பற்களைப் பார்த்து அவர் அம்முடிவை எடுத்தார். அவருடைய அறிவு எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. ஆணி நிற்கும் கோணமே அதன் ஏடு.

புதிதாய்ப் பழகும் ஆர்வலர் ஒருவர் வால்ஜூ 72 போன்றதொரு பழைய பொறியைத் திறக்கின்றார் என்க. முள் துள்ளுகின்றது. அதன் காரணம் காய்ந்துபோன எண்ணெயாக இருக்கலாம். தேய்ந்த அச்சுமுனையாக இருக்கலாம். தளர்ந்த ஒரு மெல்லிய வில்லாக இருக்கலாம். இவற்றை அறிய வேண்டுமாயின் பொறியை முழுமையாகப் பிரித்து, கழுவி, ஒவ்வோர் அச்சையும் நோக்க வேண்டும். மையம் விலகிய ஆணியோ கண்ணெதிரே, கைக்கெட்டும் இடத்தில் உள்ளது. அதனைச் சற்றுத் திருப்பினால் முள் துள்ளுவது நின்றுவிடுகின்றது. ஆர்வலர் மகிழ்கின்றார். உண்மையில் அவர் பழுதை நீக்கவில்லை. பழுதைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளுமாறு பொறியின் அளவைக் கெடுத்துள்ளார். முன்னர் ஒரு பழுது இருந்தது. இப்போது இரண்டு உள்ளன. அவற்றுள் ஒன்று மற்றதை மறைத்து நிற்கின்றது. திருப்புமுன் ஆணி நின்ற நிலையை அவர் குறித்துவைக்கவுமில்லை. யாரோ ஒருவர் எழுதிவைத்த ஒரேயொரு வரி அழிக்கப்பட்டுவிட்டது. அழித்தவருக்கு அது எழுத்து என்பதே தெரியாது. அறியாமையாற் செய்யப்படும் தீங்குகளுள் இது தனித்தன்மை வாய்ந்தது. தீங்கு இழைத்தவர் தாம் நன்மை செய்ததாக நம்புவதற்குக் கண்கூடான சான்றையும் இது அவருக்கு வழங்கிவிடுகின்றது.

இதனாற்போலும், பழகிய திருத்துநர்கள் அந்த ஆணிகளைத் தொடாதே என்பதையே முதற் பாடமாகக் கற்பிக்கின்றனர். இதனை ஒரு பொது விதியாகக் கொள்ளலாமா? பழையதை மாற்றாதிருத்தலே எப்போதும் அறமாகுமா? அவ்வாறு கொள்வதிலும் இடர்ப்பாடுண்டு. அறுபது ஆண்டுகள் பழகிய பொறியொன்றின் உட்புறம் ஒரே ஆசிரியர் எழுதிய நூலன்று. இடையில் எத்தனையோ கைகள் அதனைத் திறந்திருக்கும். தொழிற்சாலையிற் கற்றவர் வைத்த நிலையென ஆர்வலர் மதித்து விட்டுவைக்கும் கோணம், முப்பது ஆண்டுகளுக்கு முன் அவரைப் போன்றதொரு கற்றுக்குட்டி அவசரத்தில் திருப்பிய கோணமாகவும் இருக்கலாம். ஆகவே முன்னிருந்த நிலைக்குக் காட்டும் மதிப்பு ஒரு முற்கோளேயன்றி முடிந்த முடிபன்று. அதனை மீறுவதற்குக் காரணம் வேண்டும். அக்காரணத்தைக் காட்டவேண்டிய கடப்பாடு மீறுபவருடையது. பழைய நிலை தன்னைத் தானே நியாயப்படுத்த வேண்டியதில்லை.

ஆர்வலர் பழைய பொறிகளைத் தொடவே கூடாதென வாதிடுவோர் உளர். அவர்களது வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. வழுக்கிய கருவி திருகாணித் தலையிற் கிழிக்கும் கோடு மாறாது. சாவணத்தாற் சற்றே பிடி தவறிய மயிர்வில் மீண்டும் தன் பழைய வளைவைப் பெறுவது அரிது. வால்ஜூ 72இன் உற்பத்தி 1970களின் நடுப்பகுதியில் நின்றுவிட்டது. உலகில் எஞ்சியுள்ளவற்றின் தொகை குறையலாமேயன்றிக் கூடாது. இம்மனித உழைப்பின் எச்சத்தைப் பொழுதுபோக்குக்குப் பலியிட ஒருவர்க்கு என்ன உரிமை? காசு கொடுத்து வாங்கினேன் என்பது விடையாகாது. உடைமை என்பது பிறர் தலையீட்டைத் தடுக்கும் உரிமையைத் தருகின்றது. அழிப்பதற்கான அறவியல் நியாயத்தை அது தானாகத் தருவதில்லை.

எனினும் இவ்வாதம் ஓரிடத்தில் தடுமாறுகின்றது. எவரும் திருத்துநராகப் பிறப்பதில்லை. வீடு கட்டுவதாலேயே ஒருவன் வீடு கட்டுவோனாகின்றான் என அரிஸ்ரோட்டில் நிக்கொமாக்கிய அறவியலிற் கூறுவது திருத்தலுக்கும் பொருந்தும். கற்றபின் தொடலாம் என்பதும் தொட்டாலன்றிக் கற்க இயலாது என்பதும் ஒன்றையொன்று முட்டுகின்றன. முன்னாளில் இம்முட்டுப்பாட்டைத் தொழிற்கூடமும் ஆசிரியரும் தீர்த்துவைத்தனர். அந்நிறுவனம் ஒரு தலைமுறைக்குள் சுருங்கிப்போயிற்று. 1969 டிசெம்பரில் சீக்கோ நிறுவனம் குவாட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. 1970இல் ஏறத்தாழ 90,000 பேருக்குத் தொழில் வழங்கிய சுவிஸ் மணிக்கூட்டுக் கைத்தொழிலில் 1980களின் நடுப்பகுதியில் 30,000 பேரளவிலேயே எஞ்சினர். வேலையிழந்தோருடன் கைப்பழக்கமும் வீடு சென்றது. எஞ்சிய தொழிலாளரிடமும் உதிரிப்பாகங்கள் தாராளமாகச் சென்றடையவில்லை. பெரிய உற்பத்தியாளர் தாம் அங்கீகரித்த நிலையங்களுக்கு மட்டுமே உதிரிப்பாகம் வழங்குவதை எதிர்த்துச் சுதந்திரத் திருத்துநர் சங்கங்கள் ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் 2004இல் முறையிட்டன. ஆணைக்குழு அதனை 2008இல் நிராகரித்தது. 2010இல் ஐரோப்பியப் பொது நீதிமன்று அந்நிராகரிப்பை இரத்துச் செய்தது. 2014இல் ஆணைக்குழு மீண்டும் நிராகரித்தது. 2017இல் நீதிமன்று அதனை ஏற்றுக்கொண்டது. பயிற்சி பெற்றவருக்கே கதவு ஒடுங்கியிருக்கும்போது, பயிற்சி பெற்றவரிடமே செல்க என்னும் அறிவுரையின் பாரம் குறைந்துவிடுகின்றது.

முட்டுப்பாட்டுக்கு நடைமுறை வழியொன்று உண்டு. வீனஸ் 175 என்னும் சுவிஸ் குரோனோகிராப் பொறியை ஆக்கும் கருவிகளை 1960களின் தொடக்கத்தில் சீனாவின் தியன்சின் மணிக்கூட்டுத் தொழிற்சாலை வாங்கியது. அதன் வழிவந்த எஸ்.ரி. 19 என்னும் பொறி இன்றும் ஆக்கப்படுகின்றது, விலையும் மலிவு. தூண்சில்லு, இணைப்பு நெம்பு, மையம் விலகிய ஆணி, இதயத் தகடு யாவும் அதில் உள்ளன. கெடுத்தால் இன்னொன்று வாங்கலாம். அரியதைத் தொடுமுன் இத்தகையதொன்றிற் பலமுறை கைபழகாத ஆர்வலர், அறியாமையைக் காரணங்காட்டித் தப்ப முடியாது. அறிந்துகொள்ளும் வாய்ப்பு இருந்தும் அதனைத் தவிர்த்தவரின் அறியாமை அவரே தேர்ந்துகொண்ட அறியாமையாகும்.

1974இல் வெளிவந்த தம் நூலில் ரொபேட் பேர்சிக், இறுகிப்போய்க் கழலாத ஒரு சிறு திருகாணியைப் பற்றி விரிவாக ஆராய்கின்றார். அது கழலாதவரை மோட்டார் சைக்கிளை ஓட்ட முடியாது. எனவே அத்திருகாணியின் பெறுமதி மோட்டார் சைக்கிள் முழுவதன் பெறுமதிக்கும் சமம் என்பது அவர் கருத்து. வழி அடைபட்டு நிற்கும் அந்நிலையே உண்மையான அறிதலின் தொடக்கம் என்றும் அவர் காட்டுகின்றார். இது நல்ல அவதானிப்பே. ஆனால் பேர்சிக்கின் திருகாணியைத் துளையிட்டு நீக்கிப் புதியதை இடலாம். அவர் திருத்துவது தமது வாகனம். அது பழுதுபட்டால் வழியில் நிற்கப்போகின்றவரும் அவரே. திருத்துவோனின் மன அமைதியை மையமாகக் கொண்டு திருத்தலை நோக்கும் மெய்யியலில், திருத்தப்படும் பொருள் ஆசானாக வருகின்றது, நோயாளியாக வருவதில்லை. அரிய பழம்பொருள் விடயத்தில் அப்பார்வை குறையுடையது.

ஆர்வலரின் உரிமை பற்றிய எந்த ஆய்வும் ரூபேட் கூல்ட்டைத் தவிர்த்துச் செல்ல முடியாது. கடலில் நெடுங்கோட்டை அறியும் பொருட்டு ஜோன் ஹரிசன் 18ஆம் நூற்றாண்டில் ஆக்கிய கடற்கடிகாரங்கள் நான்கும் கிறீனிச் அரச வானாய்வகத்திற் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1920இல் அவற்றைக் காணச் சென்ற கூல்ட், பிரித்தானியக் கடற்படையின் நீரியற் பகுதியிற் பணியாற்றிய அதிகாரி. மணிக்கூட்டுத் தொழிலில் அவருக்கு முறையான பயிற்சி எதுவும் இருக்கவில்லை. 1735இல் நிறைவுற்ற முதலாவது கடிகாரம் களிம்பேறி, பச்சை பூத்து, பிரதான வில்லும் சமநிலை வில்களும் முறுக்கும் பொறியும் இன்றி இருந்தது. அரச வானியலாளர் பிராங் டைசனிடம் அவர் எழுத்துமூலம் அனுமதி வேண்டினார், அது கிடைத்தது. அவர் முதலிற் செய்தது சாதாரண தூரிகையால் அழுக்கை அகற்றியது மட்டுமே. பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக நான்கையும் எடுத்து, ஊதியம் எதுவுமின்றி, 1933 வரை பதின்மூன்று ஆண்டுகள் உழைத்தார். செய்தவற்றை வரைபடங்களுடன் பதினெட்டுக் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார். இடையில், 1923இல், கடற்கடிகாரங்களின் வரலாற்றை ஒரு பெருநூலாகவும் வெளியிட்டார். இன்று கிறீனிச் செல்வோர் முதல் மூன்று கடிகாரங்களும் ஓடக் காண்கின்றனர் எனின், அதற்கு வழிவகுத்தவர் தொழில்முறையினர் அல்லர்.

ஹரிசனும் அத்தொழிலிற் பயின்றவர் அல்லர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. யோக்ஷயரிற் பிறந்த தச்சர் அவர். ஒரு பொறியை ஆக்கியவரும் இரு நூற்றாண்டுகளின் பின் அதனை மீட்டவரும் தொழிலின் வாயிற்காவலரைக் கடந்தே உள்ளே சென்றனர்.

இவ்வெற்றியைக் காட்டி ஆர்வலர் யாவருக்கும் உரிமை வழங்குவது தருக்கப் பிழையாகும். வென்றவரை வரலாறு நினைவு வைத்திருக்கின்றது; பொறியைக் கெடுத்துவிட்டு மூடிவைத்தவரை அது அறியாது. இவ்விடத்து பேர்ணாட் வில்லியம்ஸ் 1976இல் எழுப்பிய 'அறவியல் நற்பேறு' என்னும் பிரச்சினை முன்வருகின்றது. ஓவியனாகும் பொருட்டுக் குடும்பத்தை நீங்கிச் செல்லும் ஒருவனின் செயலுக்கு, அவன் பின்னர் பெரும் ஓவியனாவதே நியாயமாக அமையக்கூடும். தோற்றால் அந்நியாயமும் இல்லாதொழியும் என்பது வில்லியம்ஸ் காட்டும் சங்கடம். கூல்ட்டின் கையில் மூன்றாவது கடிகாரம் சிதைந்திருந்தால் அவர் யாராகக் கருதப்பட்டிருப்பார்? பத்தொன்பது ஆண்டு மனித உழைப்பை அழித்த பொழுதுபோக்காளர் என்றே கருதப்பட்டிருப்பார். அவர் கொண்ட அன்பும் செலவிட்ட ஆண்டுகளும் அப்போது அவருக்கு எதிரான சான்றுகளாகவே மாறியிருக்கும்.

ஆயினும் வில்லியம்ஸின் சங்கடம் கூல்ட் விடயத்தில் முழுமையாகப் பொருந்துவதாகத் தோன்றவில்லை. அவருடைய செயலின் நியாயம் முடிவில் மட்டும் தங்கியிருக்கவில்லை. செய்த முறையிலும் தங்கியிருந்தது. பொருள் தமதன்று என்பதை உணர்ந்து அனுமதி பெற்றார். பின்னோக்கிச் செல்லக்கூடிய செயலில், அஃதாவது துப்புரவு செய்தலில், தொடங்கினார். எதை எங்கிருந்து கழற்றினார், எதனைப் புதிதாக இட்டார் என்பதை எழுதிவைத்தார். அவர் தோற்றிருந்தாலும் அத்தோல்வி அடுத்தவருக்கு வாசிக்கக்கூடியதாக இருந்திருக்கும். முன்னர் கூறிய, ஆணியைக் குறித்துவையாது திருப்பிய கற்றுக்குட்டிக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு திறமையின் வேறுபாடு மட்டும் அன்று. ஒருவேளை இருவரும் தொடக்கத்தில் ஒரே அளவு திறமையுடையவராகவே இருந்திருக்கலாம்.

நற்பேற்றுப் பிரச்சினை கூல்ட்டை வேறொரு பக்கத்தால் வந்து பற்றுகின்றது. அவர் உளநோயினாற் பலமுறை வீழ்ந்தவர். 1927இல் நீதிமன்ற வழியாக மனைவியைப் பிரிந்தார், பிள்ளைகளையும் இழந்தார். அதற்குக் கடிகாரங்களே காரணம் எனல் மிகையாகும். எனினும் ஊதியமின்றிச் செலவிட்ட இரவுகள் அவருக்கு மட்டும் உரியவையா என்னும் வினா எழாமலிராது. தொழில்முறைத் திருத்துநரின் நேரத்துக்கு விலையுண்டு. அவ்விலை அவர் வீட்டுக்குச் செல்கின்றது. ஆர்வலரின் நேரத்துக்கு விலையில்லை. அதனால் அது செலவாகவே தோன்றுவதில்லை. அன்பினாற் செய்யப்படும் வேலைகளின் கணக்கில் இவ்வரி பெரும்பாலும் விடுபட்டுப்போகின்றது. ஹரிசனின் கடிகாரங்களைப் பார்த்து வியப்போர் அவ்வீட்டாரைப் பற்றி ஏதும் கூறுவதில்லை.

கூல்ட்டுக்கு எதிராக வலுவான வாதமொன்று ரஸ்கினிடமிருந்து கிடைக்கின்றது. பழங்கட்டடங்களைப் 'புதுப்பித்தல்' என்பது அவற்றை அழித்தலே. அதனுடன் பொய்யும் சேர்ந்துள்ளது என 1849இல் ரஸ்கின் வாதிட்டார். 1964இன் வெனிஸ் சாசனம் சற்று மென்மையாக, ஊகம் தொடங்கும் இடத்திற் புதுப்பித்தல் நிற்க வேண்டும் என விதித்தது. முதலாவது கடிகாரத்திற் காணாமற்போன உறுப்புகளைக் கூல்ட் தாமே ஆக்கி இட்டார். அவற்றிற் சிலவற்றிலேனும் ஊகம் கலந்திருக்கவே வேண்டும். ஆயின் கட்டடத்துக்கும் மணிக்கூட்டுக்கும் அடிப்படை வேறுபாடொன்று உண்டு. இடிந்த கோயில் இடிந்த நிலையிலும் கோயிலே. ஓடாத மணிக்கூடு தன் பெயருக்குரிய செயலை இழந்தது. உயிருள்ள பொருளைப் போல மணிக்கூடு தன் இழந்த உறுப்பைத் தானே ஈடுசெய்வதில்லை, பழுதுற்றபோது தன்னைத் தானே திருத்திக்கொள்வதுமில்லை எனக் கான்ற் 1790இல் எழுதினார். உயிரிக்கும் பொறிக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டவே அவர் அதனைக் கூறினார். அதிலிருந்து அவர் எடுக்காத ஒரு முடிபையும் எடுக்கலாம். தன்னைத் தானே திருத்த மாட்டாத பொருளின் இயல்பிலேயே திருத்துவோன் ஒருவனுக்கான இடம் விடப்பட்டுள்ளது. அவ்விடத்தை நிரப்புதல் எப்போதும் அத்துமீறல் ஆகாது.

உறுப்புகளை மாற்றிக்கொண்டே போனால் பொருள் அதேதானா என்னும் பழைய புதிரை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. தீசியசின் கப்பலும் மிலிந்தனிடம் நாகசேனர் காட்டிய தேரும் மாணவர் நன்கறிந்தவை. கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து இன்னொருவன் வேறொரு கப்பலைக் கட்டினால் எது தீசியசின் கப்பல் என 1655இல் ஹொப்ஸ் கேட்டது கற்பனையாகவே இருந்தது. பழைய குரோனோகிராப் வாணிகத்தில் அது அன்றாட நிகழ்ச்சி. ஒரு பொறியைப் பிரித்து இரண்டை ஓடவைப்பர். ஒன்றன் முகப்பும் மற்றதன் கூடும் மூன்றாவதன் முட்களும் சேர்ந்து புதியதொன்று 'பழையதாக'ப் பிறக்கும். தம் கையிற் கட்டுவதற்காக ஒருவர் இவ்வாறு செய்தால் அது மெய்ப்பொருளியற் புதிராகவே நிற்கும். விற்கும் கணத்தில் அது அறவியற் பிரச்சினையாக மாறுகின்றது. வால்ஜூ 72இன் வழிவந்த பொறியைக் கொண்ட ரொலெக்ஸ் டேற்றோனா ஒன்று, நடிகர் போல் நியூமன் அணிந்தது என்பதற்காக, 2017இல் நியூயோர்க்கில் 1 கோடி 77 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் விலைபோயிற்று. இத்தகைய விலைகள் உலாவும் சந்தையில், எதை மாற்றினேன் என்பதைக் கூறாது விடுதல் மௌனமன்று, கூற்றேயாகும்.

திருத்தலின் தீங்கு பொருளோடு நின்றுவிடாத இடமும் ஒன்றுண்டு. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஆக்கப்பட்ட பல மணிக்கூடுகளின் முகப்பும் முட்களும் இருளில் ஒளிரும்பொருட்டு இரேடியம் பூசப்பட்டவை. அவற்றைப் பூசிய அமெரிக்கப் பெண்கள் தூரிகை நுனியை உதடுகளாற் கூர்மையாக்கப் பணிக்கப்பட்டு நோயுற்றதும், நியூ ஜேர்சியில் ஐவர் தொடுத்த வழக்கு 1928இல் இணக்கமாக முடிந்ததும் அறியப்பட்டவை. இரேடியத்தின் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். ஒளிர்தல் நின்றுபோயினும் கதிர்வீச்சு நிற்பதில்லை. உதிர்ந்த பூச்சை உணவு மேசையிற் சுரண்டும் ஆர்வலர், தம் பொருளைத் தம் வீட்டில் திருத்துகின்றேன் என நினைக்கலாம். அம்மேசையில் உண்ணும் பிள்ளைகள் எந்த அனுமதியும் வழங்கவில்லை. இவ்விடத்தில் ஆர்வலரின் உரிமை பற்றி விவாதிக்க எதுவுமில்லை; அவர் கையை எடுத்துவிட வேண்டியதே.

திருத்தலுக்கு முந்திய செயல் பேணிவைத்தல். அதற்கும் அறவியற் சிக்கலுண்டு. 1969இல் எல் பிரிமேரோ என்னும் தானியங்கிக் குரோனோகிராப் பொறியை ஆக்கிய ஸெனித் நிறுவனத்தின் அமெரிக்க உரிமையாளர், 1970களின் நடுப்பகுதியிற் பொறிமுறை மணிக்கூடுகளின் உற்பத்தியைக் கைவிடப் பணித்தனர். லு லோக் நகரிலுள்ள தொழிற்சாலையில் வேலை செய்த ஷார்ள் வெர்மோ மேலிடத்துக்குச் செய்த வேண்டுகோள் பயனளிக்கவில்லை. அவர் வார்ப்புக்கருவிகளையும் வெட்டுக்கருவிகளையும் குறிப்புகளையும் மேல்மாடத்தில் ஒருவரும் அறியாது ஒளித்துவைத்தார். 1980களில் அவை வெளிக்கொணரப்பட்டு உற்பத்தி மீண்டும் தொடங்கிற்று. சட்டப்படி நோக்கின் அவர் கீழ்ப்படியாத ஊழியர். ஆனால் அவர் எதனையும் வீட்டுக்குக் கொண்டுசெல்லவில்லை, விற்கவில்லை, உரிமையாளரின் பொருளை உரிமையாளரின் கட்டடத்திலேயே உரிமையாளரிடமிருந்து காத்தார். இதற்குத் திருட்டு என்னும் சொல் பொருந்தாது. வேறு எச்சொல் பொருந்தும் என்பதும் எளிதிற் புலப்படவில்லை.

பழைய கைக்கடிகாரமொன்றின் பின்மூடியைத் திறந்து, உட்புறத்தை உருப்பெருக்கியால் நோக்கினால், கூரிய ஊசியாற் கீறிய நுண்ணெழுத்துகள் சில தென்படுவதுண்டு. திருத்துநர் ஒவ்வொருவரும் தம் அடையாளக்குறியையும் திகதியையும் அங்குக் கீறிவைப்பது நெடுநாள் வழக்கம். மீண்டும் பழுதென்று வந்தால் தாம் செய்த வேலைதானா என்று அறிவதற்காக எழுந்த வழக்கம் அது. இன்று பேணுநர் பலர் இதனை விரும்புவதில்லை. கீறுவதும் பொருளைக் கெடுத்தலே, குறிப்பைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும் என்பர். தாள் மணிக்கூட்டைப் பிரிந்துவிடும், மூடி பிரியாது என்பது மறுதரப்பு. ஆர்வலர் பெரும்பாலும் தாளும் எழுதுவதில்லை, கீறுவதுமில்லை. சிலர் அடக்கத்தினாலும் சிலர் வெட்கத்தினாலும் அவ்வாறு விட்டுவிடுகின்றனர். அதனால் ஒரு மூடியில் 1958, 1966, 1971 என மூன்று திகதிகள் இருக்கலாம். அவற்றுக்குரிய குறிகளும் இருக்கலாம். அதன்பின் எவரும் திறக்கவில்லை என்பதுபோல் உலோகம் வெறுமையாயிருக்கும். உள்ளே மையம் விலகிய ஆணியின் தலையிலோ, வழுக்கிய கருவியின் தடம் புதிதாகப் பளபளத்துக்கொண்டிருக்கும்.